ஒரே 24, இரண்டு அறை: தெர்மோஸ்டாட் வந்த கதை

சித்திரை பிறந்துவிட்டால் நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகார் தவறாமல் வரும். "ஹாலிலும் 24, படுக்கையறையிலும் 24. ஹாலில் போர்வை கேட்கிறது, உள்ளே வியர்த்துக் கொட்டுகிறது. ஏசி போய்விட்டதா?" பெரும்பாலும் ஏசி போயிருக்காது. இந்தப் புகாருக்கு வயது 140-க்கு மேல். சொல்லப்போனால், அறையின் வெப்பத்தைக் கவனிக்கும் மின் தெர்மோஸ்டாட் பிறந்ததே இதனால்தான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்று ஓர் ஊர். அங்கே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வாரன் ஜான்சன் பாடம் நடத்திவந்தார். நமக்கு வெயில் எதிரி, அவர்களுக்குக் குளிர். கட்டடத்தின் அடித்தளத்தில் உலை எரியும். அங்கிருந்து எல்லா வகுப்புகளுக்கும் வெப்பம் போகும். எந்த வகுப்பில் கூடுதல், எதில் குறைவு என்பது கீழே இருப்பவருக்குத் தெரியாது. பணியாள் ஒருவர் வகுப்பு வகுப்பாக ஏறி வந்து பார்த்து, திரும்பக் கீழே போய் அடைப்பைத் திறந்து மூடவேண்டும். பாடத்தின் நடுவே ஆள் வந்து போனால் எந்த வாத்தியாருக்குப் பிடிக்கும்? ஜான்சன் அறையிலேயே ஒரு கருவியை வைத்தார். வெப்பம் மாறினால் அடித்தளத்தில் மணி அடிக்கும். 1883-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1885-ல் மில்வாக்கியில் கம்பெனி தொடங்கினார். 1895-ல் மணியும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்று, அழுத்தக் காற்றால் அறைக்கு அறை தனித்தனியாக வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கும் காப்புரிமை பெற்றார்.

இதற்கெல்லாம் முன்பே, 1830-ல், ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டையைப் பயன்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். சூடானால் ஓர் உலோகம் அதிகம் நீளும், மற்றது குறைவாக நீளும், பட்டை வளையும். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி 'டிக்' என்று அணைவது இந்தப் பட்டையால்தான். இன்றைய ஏசியில் பட்டைக்குப் பதில் சிறு மின்னணு சென்சார் இருக்கிறது. ஆனால் அன்றும் இன்றும் ஒன்று மாறவில்லை: அது தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே அறியும். நீங்கள் படுத்திருக்கும் இடம் அதற்குத் தெரியாது.

ஸ்ரீரங்கத்து வீதிகளின் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீண்டு போகும். பகலில் கூடத்தில் இருப்பார்கள், மாலையில் திண்ணைக்கு வருவார்கள், ராத்திரி மொட்டை மாடி. அறையைக் குளிர வைக்கவில்லை, மனிதர்கள் இடம் மாறினார்கள். பெருமாளுக்கே வெளிக்கோடை, உள்கோடை என்று இரண்டு உண்டல்லவா! அடுக்குமாடியில் நாம் அப்படி நகர முடியாது. மேற்குச் சுவர் மாலை முழுவதும் சூடு கக்கும் அறையிலேயேதான் தூங்கவேண்டும்.

24 என்ற எண்ணும் தானாக வந்ததல்ல. நட்சத்திரக் குறியீடு உள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கவேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. நம் ஊரில் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். ஆகவே, தவறான இடத்தில் வெப்பம் பார்க்கும் சென்சாருக்கு நாம்தான் பணம் கட்டுகிறோம்.

ஸ்மார்ட் கருவி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. 2011-ல் அமெரிக்காவில் நெஸ்ட் தெர்மோஸ்டாட் விற்பனைக்கு வந்தது. 2016 ஜனவரியில், கடுங்குளிரில், ஒரு மென்பொருள் கோளாறால் அதன் பேட்டரி தீர்ந்து பல வீடுகள் விறைத்துப்போயின.

போன கோடையில் நம் பிளாக்கில் வயதான தம்பதியர் வீட்டில் இதே புகார். வந்த சர்வீஸ் ஆள் போர்டையே மாற்றவேண்டும் என்று பெரிய தொகை சொல்லிவிட்டுப் போனார். போய்ப் பார்த்தால், ரிமோட்டில் 'ஐ ஃபீல்' என்ற வசதி ஓடிக்கொண்டிருந்தது. அது இருந்தால் ஏசி தன் சென்சாரை விட்டுவிட்டு, ரிமோட் இருக்கும் இடத்தின் வெப்பத்தைப் பார்க்கும். ரிமோட்டோ ஏசியின் காற்று நேராக விழும் மேஜையில் கிடந்தது! 24 வந்துவிட்டது என்று நினைத்து ஏசி வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கட்டிலில் இருந்தவர்களுக்கு வியர்த்தது. ரிமோட்டைத் தலைமாட்டில் வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. சில கம்பெனிகள் இதையே 'ஃபாலோ மீ' என்கின்றன. உங்கள் ரிமோட்டில் தேடிப் பாருங்கள்.

அடுத்து, இரண்டு அறைக்கும் நடுவில் கதவு திறந்திருக்கிறதா? இருந்தால் ஓர் ஏசி இரண்டு அறையைச் சுமக்கும். கைப்பேசி செயலியில் இரண்டு ஏசிக்கும் ஒரே பெயர் இருந்தால், ஹாலைக் கூட்டுவதாக நினைத்துப் படுக்கையறையைக் கூட்டுவீர்கள், பெயரை மாற்றிவிடுங்கள். மின்சாரம் போய் வந்தபின் செயலி பேசவில்லையென்றால், முதலில் ரவுட்டர் முழுதாக எழுந்துவிட்டதா என்று பார்த்து, பிறகு ஏசியை அணைத்துப் போடுங்கள். ஃபில்டரில் தூசி சேர்ந்தாலும் அறை குளிராது, அதைக் கழுவ ஆள் தேவையில்லை.

இவ்வளவும் பார்த்தபின் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஏசி முழு வேகத்தில் ஓடும்போது உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே விடும் காற்றையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். சுமார் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரத்தில் குறை இல்லை. போர்டு மாற்றும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.