பாயின்ட் அடிக்காத பிளேயர் டீமுக்கு எதுக்கு? ‘பிளஸ்-மைனஸ்’ கணக்கு சொல்வது என்ன?

கூடைப்பந்து மேட்ச் முடிந்ததும், அம்பத்தூரோ அமெரிக்காவோ, முதல் கேள்வி ‘யாரு எத்தனை பாயின்ட்?’ என்பதுதான். அந்தக் கணக்கில் ஷேன் பேட்டியர் சாதாரண ஆள். என்பிஏ-வில் அவரது சராசரி 8.6 புள்ளிகள்தான். ஆனாலும் 2006-ல் இளம் வீரர் ரூடி கே உட்பட 2 பேரைக் கொடுத்து அவரை வாங்கியது ஹூஸ்டன் ராக்கெட்ஸ்.

ஏன்? பதில் பிளஸ்-மைனஸில் இருக்கிறது. ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி 40 புள்ளி எடுத்து, 32 விட்டுக்கொடுத்தால் அவர் கணக்கு +8.

கோபி பிரையன்ட் மாதிரி ஸ்டார்களை மடக்குவதுதான் பேட்டியர் வேலை. ஷூட் செய்யும்போது கண்ணுக்கு நேரே கையை நீட்டுவார். அவர்களுக்குச் சரியாக வராத இடத்துக்குத் தள்ளுவார். இதெல்லாம் ஸ்கோர்ஷீட்டில் ஏறாது. 2012, 2013-ல் மியாமி ஹீட் கோப்பை வென்றபோதும் அவர் அணியில் இருந்தார்.

ஆனால் ஒரே மேட்ச்சை வைத்து இந்தக் கணக்கை நம்பிடக் கூடாது. பெரிய பிளேயரோடு சேர்ந்து ஆடினாலே பிளஸ் ஏறும். அவர் வெளியே உட்காரும்போதும் இறங்காம இருக்கா என்று சீசன் முழுக்கப் பார்க்கணும்.