அறுநூறு கிராம் பனியன் துணி

திருப்பூர் நிட்டிங் கம்பெனிகளில் துணி குழாயாகத்தான் பிறக்கிறது. 30 அங்குல டயா, 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) மிஷின் என்றால் வட்டத்தைச் சுற்றி ஏறத்தாழ 2,260 ஊசிகள். ஒவ்வொரு ஊசியும் நூலைக் கொக்கியில் பிடித்து முந்தைய வளையத்துக்குள் இழுத்துவிடுகிறது. பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னச் செய்த சட்டகத்தின் வழிவந்தது இந்த ஏற்பாடு.

மைசூரில் எனக்குக் கவுனாகி முடிந்த மயில்பச்சைத் துணியும் இப்படித்தான் இறங்கியது: 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா. 1958-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய அந்த இழை காட்டன் நூலோடு ஒட்டிப் போகும். காட்டன் வளையம் விரிந்து கொடுக்கும், லைக்ரா அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது சாயப்பட்டறை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்னது ஊருக்கே அடி. நொய்யல் ஆற்றில் கழிவுநீரே விடாத சுத்திகரிப்போடுதான் அவை மறுபடி ஓட முடிந்தது. மயில்பச்சையின் விலையில் அந்தச் செலவும் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும்.

சாயத்துக்குப் பிறகு காம்பேக்டிங். ஈரத்தில் இழுபட்டு நீண்ட துணியை நீராவியும் சூடும் கொடுத்து நீளவாக்கில் நெருக்கி வைப்பார்கள். இதில் கஞ்சத்தனம் காட்டினால் முதல் சலவையிலேயே முழங்கால் தெரியும். கடையில் தொட்டுப் பார்த்தால் இது தெரியாது. அதனால்தான் பனியன் துணியை நனைத்துக் காயவைக்காமல் கத்தரி வைக்கக் கூடாது என்கிறேன்.

எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சியது திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தைக்கு வந்து கிலோக்கணக்கில் விலைபோகும். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்), 60 அங்குல அகலம் என்றால் மீட்டருக்குச் சுமார் 300 கிராம். கவுனுக்கு இரண்டு மீட்டர். அங்கிருந்து அவிநாசி, புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி; பிறகு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகம் என்பதால் 2022 முதல் அந்த மலைப்பாதையில் இரவில் சரக்கு வண்டி போக முடியாது. பகலில் ஏறி, ஆசனூர், சாமராஜநகர், நஞ்சன்கூடு வழியே மைசூர்.

பேட்டர்ன் வேறு வழியில் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-இல் அளவு வாரியான காகிதப் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கினார். இன்று ராத்திரி பணம் கட்டினால் உடனே பிடிஎஃப். ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாள்களில் அச்சடித்து, ஓரம் வெட்டி, டேப் போட்டு ஒட்ட வேண்டும். முதல் தாளில் 5 செ.மீ. சதுரம் ஒன்று இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத்தான் மீதித் தாள்களை அடிக்கச் சொல்ல வேண்டும். கடைக்காரர் 'ஃபிட் டு பேஜ்' விட்டிருந்தால் சதுரம் சுருங்கும், அதோடு கவுனும்.

காகிதமும் துணியும் சந்திக்கும் இடம்தான் எனக்குப் பிடித்தது. பேட்டர்னில் ஒரு நிபந்தனை: 10 செ.மீ. துணி 15 வரை இழுபட வேண்டும். இந்த மயில்பச்சை 13.5-இல் நின்றுவிட்டது. நெய்த துணியில் உடம்பளவுக்கு மேல் லூஸ் விடுவோம். இதில் 36 அங்குல மார்புக்கு 34-இல் வெட்டுவார்கள், மிச்சத்தைத் துணி கொடுக்கும். கொடுக்காத துணிக்கு ஒரு சைஸ் ஏற்ற வேண்டியதுதான். அடுத்தது உயரம். ஜெர்மனியின் புர்தா போன்றவர்கள் 168 செ.மீ. பெண்ணை வைத்து வரைகிறார்கள். அதைவிடக் குட்டையான நம் ஆட்கள் அடிப்பக்கத்தை மட்டும் நறுக்குவார்கள். அப்போது கவுனின் இடுப்பு நம் இடுப்புக்குக் கீழே உட்கார்ந்து மடிப்பு விழும். மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே காகிதத்தை மடித்துக் குறைப்பதுதான் சரி.

இத்தனையையும் மைசூர் டெய்லரிடம் சொன்னால், "இது பனியன் துணி மேடம், கேரண்டி இல்லை" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1912-லிருந்து பட்டு ஆலை ஓடும் ஊர் இது. பிளவுஸை உடம்போடு பொருத்த மடிப்புத் தையலான டாட் பிடித்துப் பழகிய கை. டாட் செய்யும் வேலையை இங்கே இழுவையே செய்துவிடுகிறது என்பதை அந்தக் கை நம்ப மறுக்கிறது.

வீட்டு மிஷினே போதும். முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி வேண்டும். கூர் ஊசி வளையத்தை அறுத்துவிடும், பிறகு ஓட்டை ஓடும். சின்ன ஜிக்ஜாக் தையல். தோள் தையலில் ஒரு டேப், இல்லாவிட்டால் கவுனின் பாரமே தோளை நீட்டிவிடும். கழுத்துப் பட்டியைக் கழுத்தளவில் சுமார் 85 சதவீதம் வெட்டி, இழுத்தபடி தைக்க வேண்டும். சமமாக வெட்டினால் கழுத்து வாய் பிளந்து நிற்கும். துணியின் ஓரம் சுருண்டுகொண்டே இருக்கும், அதோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும். அடிமடிப்புக்கு இரட்டை ஊசி.

கவுன் தோள், மார்பு எல்லாம் ஒழுங்காகவே உட்கார்ந்தது. தொங்கவிட்டால் நீளும் என்பதால் மடித்துத்தான் வைக்கிறேன். வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தெருமுனை மெக்கானிக் கேட்டு வாங்கிக்கொண்டார். கிரீஸ் துடைக்கப் பனியன் வேஸ்ட் மாதிரி வேறெதுவும் வராதாம். அவரும் அதைக் கிலோக்கணக்கில்தான் வாங்குகிறார்.