பாகூர்ப் போரின் தேதி

பாகூர்ப் போர், கர்நாடகப் போர்களின்போது 1752ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையிலுள்ள பாகூர் அருகே நடந்தது. ஆங்கிலேயப் படைத்தலைவர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் பின்வாங்குவதுபோல் நகர்ந்து, தன்னைப் பின்தொடர்ந்த பிரெஞ்சுப் படையை விடியுமுன் தாக்கினார். துய்ப்ளேயின் உறவினரும் பிரெஞ்சுத் தளபதியுமான கெர்ழான் சிறைபிடிக்கப்பட்டார்.

இப்போர் நடந்த நாள் சில நூல்களில் ஆகஸ்ட் 26 என்றும், சிலவற்றில் செப்டம்பர் 6 என்றும் உள்ளது. இரண்டும் சரியே. பிரான்சு 1582 முதல் கிரெகொரியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. பிரிட்டன் பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. அது 18ஆம் நூற்றாண்டில் 11 நாட்கள் பின்தங்கியிருந்தது. கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையில் ஒரு தேதி, ஒருநாள் நடைத் தொலைவிலுள்ள புதுச்சேரியில் வேறொரு தேதி. கிழமை மட்டும் இரண்டிலும் ஒன்றே: புதன்.

அக்காலப் புதுச்சேரியின் மிகப் பெரிய தனிமனித ஆவணம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இல் தொடங்கும் இதில் ஐரோப்பியத் தேதியும் தமிழ்த் தேதியும் சேர்ந்தே வருகின்றன. பாகூர்ப் போர் ஆங்கீரச ஆண்டு ஆவணி மாதத்தில் நடந்தது. ஆனால் ஆங்கீரச 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஐரோப்பிய ஆண்டு பக்கத்தில் இருப்பதால்தான் குழப்பமில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்நாட்குறிப்புக்குப் படிகள் எடுக்கப்பட்டன. படியின் தாளையும் மையையும் வைத்துக் காலம் கணித்தால் நூறாண்டு பிழைத்துப்போகும். பதிவுக்குள்ளேயே தேதி இருப்பது அதைக் காக்கிறது.

கணினிக் கோப்புகளிலும் இதே நிலைதான். பழைய கடிதத்தை இன்று ஸ்கேன் செய்தால், கோப்பு இன்றைய தேதியையே காட்டும். வாட்சப் வழியாக வந்த படத்தில், கேமரா பதித்த தேதி பெரும்பாலும் அழிந்திருக்கும். உலகப் பொது நேரத்தில் பதிந்த படமென்றால், இந்திய நேரப்படி அதிகாலை 5.30க்கு முன் எடுத்தது முந்தைய நாளுக்குப் போய்விடும். கடிதத்தின் தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பது பிள்ளை செய்ததைப் போன்றதுதான்.

பிரிட்டன் 1752 செப்டம்பர் 2ஐ அடுத்து நேராகச் செப்டம்பர் 14க்குத் தாவியது. பாகூர்ப் போர் முடிந்து சரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆங்கிலேயத் தேதிகளை அப்படியே எண்ணினால் போர் நாளிலிருந்து அக்டோபர் 1 வரை 36 நாட்கள். உண்மையில் கழிந்தவை 25. செப்டம்பர் 3 முதல் 13 வரையிலான தேதி கொண்ட அவ்வாண்டுக் கடிதம் ஒன்று கிடைத்தால், அது பிரிட்டனின் சட்டப்படியான தேதி அல்ல.