கண்ணாடி நூலில் கட்டிய ராக்கெட்

பட்டினப்பாக்கம் கடற்கரையில் மாலை வேளையில் உலாவச் செல்வோர், மணல்மீது ஏற்றி வைத்திருக்கும் மீன்பிடிப் படகுகளைக் கண்டிருப்பார்கள். ஒரு தலைமுறைக்கு முன் அவ்விடத்தில் கட்டுமரங்களே மிகுதி. இப்பொழுது இருப்பவை பெரும்பாலும் ‘பைபர் படகுகள்’. அடிபட்ட படகு ஒன்றைச் செப்பனிடும்போது அருகே நின்று பாருங்கள். வெண்மையான துணி போன்ற ஒன்றைக் கத்தரித்து, விரிசலின்மேல் பரப்பி, தேன் போன்ற ஒரு பிசினைத் தூரிகையால் பூசுவார்கள். சிறிது நேரத்தில் துணியும் பிசினும் ஒன்றாகி இறுகிவிடும். அந்தத் துணி கண்ணாடி இழையால் ஆனது.

நான் மயிலாப்பூரில் ஆசிரியனாக இருந்தபோது மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றதுண்டு. அவர்களில் ஒருவன் கேட்டான்: “கண்ணாடி உடையுமே சார், படகு மட்டும் எப்படி உடையாமல் இருக்கிறது?” நல்ல கேள்வி. அதற்கு விடை தேடிப் போனால், நாம் அனைவரும் அறிந்த ஒருவருடைய வாழ்க்கையில் நாம் அதிகம் அறியாத பகுதிக்குப் போய்ச் சேருவோம். அவர் டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம்.

முதலில் கேள்விக்கு விடையைப் பார்ப்போம். கண்ணாடி எளிதில் உடைவதற்குக் காரணம், அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் இருப்பதே. ஒரு கீறல் விரிந்தால் பலகை முழுவதும் பிளந்துவிடும். அதே கண்ணாடியை உருக்கி, தலைமயிரினும் மெல்லிய இழையாக இழுத்தால் பெரிய கீறலுக்கு அதில் இடமில்லை. இழுவிசையை அது வியக்கத்தக்க அளவு தாங்கும். ஆனால் இழைக்குத் தனியே நிற்க வலிமையில்லை. பிசினுக்கோ உருவம் உண்டு, உறுதி போதாது. இரண்டையும் சேர்த்தால், பிசின் இழைகளைப் பிணைத்துப் பாரத்தை அவற்றிடையே பங்கிடுகிறது. ஓர் இழை அறுந்தாலும் விரிசல் அடுத்த இழைக்குத் தாவாமல் தடுக்கிறது. இத்தகைய பொருளைக் கலப்புப் பொருள் என்கிறோம். இதன் எடை, அதே பருமனுள்ள எஃகின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்.

இனி வரலாற்றிற்கு வருவோம். அடையாற்றைக் கடந்து, தாம்பரம் செல்லும் இருப்புப் பாதையில் தெற்கே போனால் குரோம்பேட்டை வரும். சின்னசாமி ராஜம் என்ற பெருந்தகை, தம் மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு 1949-இல் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை அங்கே நிறுவினார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்ற ராமேசுவரத்து இளைஞர் கலாம், 1950-களின் நடுவில் அக்கல்லூரியில் இடம் பெற்றார். சேர்வதற்கு ஏறக்குறைய 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அக்காலத்தில் அது பெருந்தொகை. அவருடைய தமக்கையார் ஜொஹரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து அதைக் கொடுத்தார். கல்லூரியில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள் கலாமின் மனத்தைக் கவர்ந்தன. விமானப் பொறியியலையே அவர் சிறப்புப் பாடமாகத் தேர்ந்துகொண்டார்.

இறுதியாண்டில் கல்லூரித் தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி நடத்தியது. நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்ற பொருளில் கலாம் தமிழில் கட்டுரை எழுதி முதற்பரிசு பெற்றார். பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். ‘நாமே கட்டுவோம்’ என்று எழுதுவது எளிது. எதைக் கொண்டு கட்டுவது? இந்த வினாவுக்கு விடை காண்பதற்கே அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் விண்ணில் ஏறியது. தளம் நம்முடையது; ராக்கெட் அமெரிக்க நாட்டினது. அதே தும்பாவில் கலாமும் அவருடைய தோழர்களும் கண்ணாடி இழைக் கலப்புப் பொருளுக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தனர். இழை சுற்றும் இயந்திரம் ஒன்றையும் அங்கே நிறுவினர். அதன் வேலையைப் பம்பரத்திற்குச் சாட்டை சுற்றுவதோடு ஒப்பிடலாம். இழையைப் பிசினில் தோய்த்து, சுழலும் அச்சு ஒன்றின்மேல் கணக்கிட்ட கோணத்தில் சுற்றுவார்கள். பிறகு சூடாக்கி இறுகவைத்து, அச்சை உருவிவிடுவார்கள். எஞ்சுவது ராக்கெட் எரிபொருளுக்கான உறை. எரியும்போது உள்ளே எழும் அழுத்தம், உருளையின் சுற்றுவட்டத்தில் நீளவாட்டத்தைப்போல் இருமடங்கு விசையை உண்டாக்கும். ஆகவே சுற்றுவட்டத்தில் இழைகள் மிகுதியாக அமையவேண்டும். உலோகத் தகட்டிற்கு எல்லாத் திசையிலும் ஒரே வலிமை. இழைக்கோ தேவைப்படும் திசையில் தேவைப்படும் அளவு வலிமை தரலாம். கலப்புப் பொருளின் சிறப்பு இதுவே.

செயற்கைக்கோளை ஏற்றும் எஸ்.எல்.வி.-3 என்னும் ராக்கெட்டிற்குத் திட்டமிட்டபோது, அதன் நான்காம் கட்டத்தை டாக்டர் விக்ரம் சாராபாய் கலாமிடம் ஒப்படைத்தார். உச்சிக் கட்டத்தில் எடையைக் குறைப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? அடிக்கட்டம் பாதி வழியிலேயே கழன்று விழுந்துவிடும். உச்சிக் கட்டமோ செயற்கைக்கோளுடன் சுற்றுப்பாதை வரை செல்லும். அதன் உறையில் ஒரு கிலோ குறைந்தால், செயற்கைக்கோளில் ஏறக்குறைய ஒரு கிலோ கூட்டிக்கொள்ளலாம். ஆகவே கீழ்க்கட்டங்கள் இரண்டும் எஃகாலும், மேற்கட்டங்கள் இரண்டும் இழைப் பொருளாலும் அமைந்தன.

அந்த நான்காம் கட்டத்தைப் பிரெஞ்சு நாட்டினர் தங்கள் டயமாண்ட் ராக்கெட்டிற்கும் பயன்படுத்த விரும்பினர். அதற்கேற்ப 250 கிலோ எடையிலிருந்து 600 கிலோ எடைக்கு அதைப் பெரிதாக்கி, இரண்டாண்டுகள் உழைத்தனர். ஒப்படைக்கும் வேளை நெருங்கியபோது பிரெஞ்சு நாடு அத்திட்டத்தையே கைவிட்டது. அடுத்து 1979 ஆகஸ்ட் 10-ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 முதன்முறை ஏவப்பட்டது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாடு தவறியது. கலாம் பேணி வளர்த்த நான்காம் கட்டம், தன் திறமையைக் காட்டாமலே 560 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலில் வீழ்ந்தது.

அவர்கள் குறையைக் கண்டு திருத்தி மீண்டும் முயன்றார்கள். 1980 ஜூலை 18-ஆம் நாள் அந்த நான்காம் கட்டம் எரிந்து, 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. மறு ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் ‘ஆப்பிள்’ என்னும் நமது செய்தித் தொடர்புச் செயற்கைக்கோள் ஐரோப்பிய ராக்கெட்டில் ஏறிச் சென்றது. அதை உரிய சுற்றுப்பாதைக்குத் தள்ளிய இயந்திரம், எஸ்.எல்.வி.-3-இன் நான்காம் கட்டத்திலிருந்து உருவானதே! வேண்டாமென விடப்பட்ட உழைப்பு வீணாகவில்லை.

பின்னர் ஐதராபாத்தில் ஏவுகணைத் திட்டத்திற்குக் கலாம் தலைமை ஏற்றார். 1989 மே 22-ஆம் நாள் ஏவப்பட்ட அக்னி, காற்றுமண்டலத்திற்குள் மீண்டும் நுழையும்போது பெரும் வெப்பத்தைத் தாங்கவேண்டியிருந்தது. அங்கே கண்ணாடி இழை உதவாது. கரி இழையைக் கரியிலேயே பதித்த பொருளால் அதன் முனைக்குக் கவசம் அமைத்தனர்.

ஒரு நாள் ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் கலாமின் ஆய்வுக்கூடத்திற்கு வந்தார். அங்கிருந்த இழைப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தவர், அதன் எடைக்குறைவைக் கண்டு வியந்து, கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே இளம்பிள்ளை வாதத்தால் கால் நலிந்த சிறுவர் சிறுமியர், 3 கிலோ எடையுள்ள உலோகத் தாங்கிகளைக் காலில் பூட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தார்கள். சில வாரங்களில் ஆய்வுக்கூடத்தார் ஏறத்தாழ 300 கிராம் எடையில் தாங்கி செய்து கொடுத்தனர். குழந்தைகள் ஓடத் தொடங்கினார்கள், பெற்றோர் கண்கலங்கினார்கள். தம் வாழ்வில் பேரின்பம் தந்த நிகழ்ச்சிகளுள் ஒன்றாகக் கலாம் இதைப் பல மேடைகளில் கூறியதுண்டு.

மாணவர்களே! இவை எல்லாம் ஒரு தனி மனிதரின் சாதனை அல்ல. பிசின் காய்ச்சியவர், இயந்திரம் அமைத்தவர், இழை சுற்றியவர் எனப் பலர் உழைத்தனர். கலாம் அவர்களை ஒன்று சேர்த்துப் பாரத்தைப் பங்கிட்டார். கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நிலையில்தான் 2002-இல் அவர் குடியரசுத் தலைவர் ஆனார். பதவிக்காலம் முடிந்தபின் மீண்டும் மாணவர்களையே நாடிச் சென்றார். 2015 ஜூலை 27-ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவர்முன் பேசிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார்.

குரோம்பேட்டையில் கட்டுரை எழுதிப் பரிசு பெற்ற மாணவருக்கும், ரோகிணியை ஏற்றிய பொறியாளருக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கிடக்கிறது. அந்த ஆண்டுகளில் நடந்தது, இழையைப் பிசினில் தோய்த்துச் சுற்றும் வேலைதான். உங்களில் யாரேனும் ‘நாமே செய்வோம்’ என்று கட்டுரை எழுதினால் மகிழ்ச்சியோடு பரிசளிப்போம். ஆனால் மறுநாள் பட்டினப்பாக்கம் சென்று, படகு செப்பனிடுபவர் அருகே அமர்ந்து, பிசின் எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது என்று கேட்டு வாருங்கள். கட்டுரையின் அடுத்த பகுதி அங்கேதான் தொடங்குகிறது.