காயம் பட்டது எப்போது?

கீரனூர் வட்டாரம் கிணற்றை நம்பி வெள்ளாமை செய்யும் பூமி. கிணற்றிலிருந்து ஓர் உடலை மேலே எடுத்தால், கூடி நிற்பவர்களின் கண் முதலில் காயத்தில்தான் படும். அடித்துப் போட்டார்களா, விழுந்ததில் அடிபட்டதா என்ற பேச்சு அங்கேயே கிளம்பிவிடும். உடற்கூறாய்வு செய்யும் மருத்துவருக்கோ அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: காயம் பட்டபோது உயிர் இருந்ததா?

உயிருள்ள உடலில் வெட்டு விழுந்தால் தோல் சுருங்கி, விளிம்புகள் விலகி, காயம் வாய் பிளக்கும். இரத்தம் சுற்றியுள்ள தசைக்குள் புகுந்து ஊறிவிடும், கழுவினாலும் போகாது. இறந்தபின் பட்ட வெட்டில் இருப்பது பெரும்பாலும் மேலோட்டமான கறை. தண்ணீர் ஊற்றினால் அகன்றுவிடும். கிணற்று உடலில் இந்த அடையாளமே ஏமாற்றக்கூடும். நெடுநேரம் நீரில் கிடந்தால் இரத்தம் கரைந்து வெளியேறி, உயிரோடிருக்கையில் பட்ட காயம்கூட வெளிறிப்போகும். மீன் கடித்த இடமும் எறும்பு அரித்த இடமும் சிராய்ப்பு என்றே தோன்றும்.

கண்ணுக்கு எட்டாததை நுண்ணோக்கியில் தேடுகிறார்கள். அடிபட்ட இடத்துக்கு வெள்ளணுக்கள் வந்து சேர அரை மணியிலிருந்து சில மணி நேரம் ஆகும். 1960களில் பின்லாந்து அறிஞர் ரேக்கல்லியோ, காயத்தின் ஓரத்தில் நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயல் கூடுவதைக் காட்டினார்: அமினோபெப்டிடேஸ் ஏறத்தாழ 2 மணி நேரத்தில், அமில பாஸ்படேஸ் 4 மணியில், கார பாஸ்படேஸ் 8 மணியில்.

சாவுக்குச் சில நிமிடம் முன்னே பட்டதா, பின்னே பட்டதா என்று கேட்டால் இம்முறைகள் பலவும் தடுமாறும். அப்போது ‘சாவை ஒட்டிய காயம்’ என்று எழுதும் மருத்துவரை நான் மதிக்கிறேன். தெரிந்த அளவோடு நிற்பதும் நீதிக்குச் செய்யும் பணிதான்.

இந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்பதைத் தமிழகம் 2015 ஜூனில் கண்டது. பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கோகுல்ராஜ் என்ற இளைஞரின் உடல் தலை துண்டான நிலையில் கிடந்தது. ரயிலில் விழுந்த சாவு என்று கடந்துபோயிருக்கக்கூடிய அந்த மரணத்தைக் கொலை என்று 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் தீர்த்தது; 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஆகவே நம் ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கிணற்றிலிருந்து எடுத்த உடலைக் கழுவாதீர்கள். பாதாளக் கரண்டி போட்டுத் தேடியிருந்தால், அதன் கொக்கி எங்கே மாட்டியது, கயிறு எங்கே இறுகியது, சுவரில் எந்தப் பக்கம் உரசியது என்பதை விசாரணைக்கு வரும் காவலரிடம் சொல்லி, அறிக்கையில் எழுதச் செய்யுங்கள்.