பெர்ல் மொழியின் கருத்தொகுப்பு: சேர்த்தலும் நீக்கலும்

மொழியியல் பயின்ற லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல் என்னும் கணிப்பொறி மொழி, 1994இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நிரல்கூறுகளைத் தனித்தனியே இணைத்துக்கொள்ளும் அமைப்பைப் பெற்றது. அக்கூறுகளைத் திரட்டி வைக்கச் சீபேன் என்னும் பொதுக் களஞ்சியம் 1995இல் தோன்றியது. எவை மொழியுடனேயே வழங்கப்பட வேண்டும், எவை களஞ்சியத்தில் நிற்கலாம் என்பதே பின்னர் எழுந்த வினா.

1997இல் வந்த 5.004ஆம் பதிப்பு இரு வகைக் கூறுகளைக் கருத்தொகுப்பில் ஏற்றது. இணையப் பக்கங்களை இயக்கிய சிஜிஐ, பரவலான பயன்பாடு கருதிச் சேர்க்கப்பட்டது. களஞ்சியத்திலிருந்து பிறவற்றைப் பெற்றுத் தரும் கூறோ இன்றியமையாமை கருதிச் சேர்ந்தது. அது இல்லையேல் ஏனையவற்றைப் பெறுவது அரிது. 2002இல் 5.8ஆம் பதிப்பில் சேர்ந்த குறியேற்ற மாற்றக் கூறும் இவ்வகையினதே. பல எழுத்துமுறைகளில் அமைந்த கோப்புகளைப் படிக்க மொழியே அதனைச் சார்ந்துள்ளது. ஒருங்குறி அகரவரிசைக் கூறும் அப்பதிப்பிலேயே இடம்பெற்றது.

பயன்பாடு காலத்தொடு மாறும். சார்பு எளிதில் மாறாது. சிறந்த மாற்றுகள் பெருகியமையால் சிஜிஐ 2014இல் எச்சரிக்கைக்குள்ளாகி, 2015இல் 5.22ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. களஞ்சியத்தில் அது நிலைத்தது. எனினும், புதிய கூறுகளை நிறுவ உரிமையற்ற கணிப்பொறிகளில் இயங்கிய பழைய நிரல்களுக்கு அது எட்டாப் பொருளாயிற்று.

அகராதியினின்று ஒரு சொல்லை நீக்கினும் மக்கள் அதனை வழங்குவர். கருத்தொகுப்பினின்று ஒரு கூறு நீங்கின், அதனை நம்பிய நிரல் நின்றுவிடும். ஆதலின், நீக்கத்தின் விளைவைச் சேர்க்கும்போதே எண்ணுதல் வேண்டும்.