செடியில் மாவுப்பூச்சியா? பூச்சிமருந்து வாங்கும் முன் இதைப் படிங்க!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, வெயில் ஏற ஏற ஒரு தலைவலி ஆரம்பிச்சிடும். செம்பருத்தி மொட்டு, கத்தரி இலை, பப்பாளித் தண்டு என எல்லாவற்றிலும் பஞ்சு ஒட்டினாற்போல மாவுப்பூச்சி! உடனே காட்டமான மருந்தை வாங்கி அடிச்சுடலாமா? கொஞ்சம் பொறுங்க. அந்தச் செடியில் பறிக்கிற காய்தான் நம்ம வீட்டுக் குழம்புக்குப் போகுது.

பப்பாளி சொன்ன பாடம்

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இது பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என எதையும் விட்டுவைக்கவில்லை. உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்தும் சுலபமாக உள்ளே இறங்காது. 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து ‘அசிரோபேகஸ் பப்பாயே’ என்ற குட்டிக் குளவியை வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதை அழிப்பதுதான் இதன் வேலை. பிரச்னை அடங்கியது. கடுமையான மருந்து அடித்தால் பூச்சியோடு இந்த மாதிரி நண்பர்களும் சேர்ந்து செத்துப்போகும் என்பதை மறந்துடாதீங்க.

வீட்டில் என்ன செய்யலாம்?

* தண்ணீர்: ஆரம்பத்திலேயே கவனித்தால், குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாக அடித்தாலே அசுவினி, மாவுப்பூச்சி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மோசமான கிளையை வெட்டி, கவரில் கட்டி அப்புறப்படுத்துங்க.

* வேப்பெண்ணெய்: 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தண்ணீரில் கலக்காது. முதலில் ஓர் இலையில் அடித்து, மறுநாள் கருகவில்லை என்றால் செடி முழுக்க அடிக்கலாம். மாலை நேரம்தான் நல்லது. உச்சி வெயிலில் வேண்டாம். வாரம் ஒருமுறை தொடரணும். மழை பெய்தால் கழுவிப்போயிடும், திரும்ப அடிங்க.

* மஞ்சள் அட்டை: மிளகாய், தக்காளியில் வெள்ளை ஈ இருந்தால், மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி செடி உயரத்தில் தொங்கவிடுங்க.

* எறும்பு: மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பே அதற்குக் காவல் காக்கும். எறும்புச் சாரை தெரிந்தால் அந்தக் கிளையைச் சோதிங்க.

* நத்தை: ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆப்பிரிக்க நத்தை படையெடுக்கும். ஈரச் சாக்கை இரவில் விரித்து வைத்தால் அடியில் வந்து ஒளியும். காலையில் கையுறை போட்டு எடுத்து, உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்க. தொட்டி மண்ணில் உப்பு கொட்டாதீங்க, செடி பட்டுப்போகும்.

இதைக் கொல்லாதீங்க!

மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, அதே மாதிரி வெள்ளையாக, ஆனால் சுறுசுறுப்பாக ஓடும் புழு தெரிகிறதா? அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் குட்டியாக இருக்கலாம். அது இருக்கும் கிளையில் வேப்பெண்ணெய்கூட அடிக்காமல் நாலு நாள் விட்டுப் பாருங்க. பாதி வேலையை அதுவே முடிச்சிடும்.